வீட்டிலேயே இருட்டறை: கருப்பு வெள்ளை ஃபிலிமும் பிரிண்டும் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கருப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுக்க விரும்புகிறவர்களில் பலர், ஒரு பழைய கேமராவை வாங்கி, எடுத்து முடித்த ரோலை ஏதாவது ஒரு லேபுக்கு அனுப்பி, ஸ்கேன் செய்த கோப்புகளைப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். அது தவறில்லை என்றாலும், அந்த வழியில் கற்றுக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. ஸ்கேனரும் அதன் மென்பொருளும் வெளிச்சம் போதாத நெகடிவையும் அளவுக்கு மீறி வெளிச்சம் பட்ட நெகடிவையும் தாமாகவே சரிக்கட்டி, பார்க்கத்தக்க ஒரு படமாக ஆக்கிவிடுகின்றன. எங்கே பிசகினோம் என்பது எடுத்தவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. நெகடிவின் படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் கருவியான என்லார்ஜரில் வைத்துக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், நெகடிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அதனால்தான், கேமரா வாங்கும்போதே இருட்டறைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள் என்று சொல்கிறேன். அதற்குத் தனி அறை தேவையில்லை. இரவில் சில மணி நேரம் வெளிச்சம் புகாமல் அடைத்துவைக்கக்கூடிய ஓர் அறையும், ஒரு வாளி தண்ணீரும், சாய்வில்லாத ஒரு மேசையும் போதும்.

கேமராவும் ஃபிலிமும்

தொடக்கத்துக்கு ஏற்றது, 35 மி.மீ. ஃபிலிம் போடும், எல்லாவற்றையும் கையால் அமைக்கும் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமரா. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000, நிக்கானின் எஃப்.எம்., எஃப்.எம்.2 ஆகியவற்றில் ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்குவதால், பேட்டரி தீர்ந்தாலும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டுமே நிற்கும். படம் எடுப்பது நிற்காது. ஐம்பது மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் நெடுநாள் வரை வேறு லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

பழைய கேமரா வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தினால், அது இழுக்காமல் திணறாமல் சீராக மூட வேண்டும். பின்கதவைத் திறந்து, ஓரத்துப் பள்ளங்களில் உள்ள கருப்பு நுரைப்பட்டையைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பட்டையை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து ஃபிலிமில் கோடுகள் விழும். கடைசியாக, லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்துவைத்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் பீரோவுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்துவிடுவது நல்லது.

ஃபிலிமைப் பொறுத்தவரை ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிலைத்திருப்பதுதான் நான் தரக்கூடிய மிக முக்கியமான ஆலோசனை. இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் ஆகிய இரண்டும் 400 ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் அளவு) ஃபிலிம்கள், இரண்டுமே எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு, கொஞ்சம் முன்பின்னானாலும் தாங்கிக்கொள்பவை. ஃபோமாபான், கென்ட்மியர் ஆகியவை விலை குறைந்தவை. எதை எடுத்தாலும் ஃபிலிம், டெவலப்பர் (பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்), காகிதம் ஆகிய மூன்றையும் மாற்றாமல் வைத்திருந்தால்தான், விளைவு மாறும்போது அதற்குக் காரணம் உங்கள் கைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு புது ஃபிலிம், ஒவ்வொரு மாதமும் ஒரு புது டெவலப்பர் என்று தாவுகிறவர்களுக்குக் கை படியவே படியாது. (ஒரு காலத்தில் நமக்கென்றே ஒரு ஃபிலிம் இருந்தது. ஊட்டியில் மத்திய அரசு நிறுவனமாக இயங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ (Indu) என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் தயாரித்தது. இன்று எல்லாமே இறக்குமதிதான்.)

ஃபிலிமைப் போட்டதும், வைண்டு நெம்புகோலைத் தள்ளும்போது இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்டு குமிழ் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் ஓடவில்லை என்று பொருள். இதைப் பார்க்கத் தவறியவர்கள் முப்பத்தாறு படங்களையும் காற்றில் எடுத்திருப்பார்கள்.

நிழலுக்கு எக்ஸ்போஷர்

கேமராவின் மீட்டர், தன் எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது. நம் ஊர்ப் படங்களில் இதனால் வரும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இருட்டான வாசற்படியை ஒட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அருகில் சென்று வேட்டியும் துண்டும் சட்டகத்தை நிறைக்குமாறு வைத்து மீட்டரைப் பார்த்தால், அது வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகத்தின் நிழல் பக்கம் ஃபிலிமில் பதியவே பதியாது. பதியாத ஒன்றை இருட்டறையில் எவராலும் வரவழைக்க முடியாது.

ஆகவே நெகடிவ் ஃபிலிமில், விவரம் தெரிய வேண்டிய நிழல் எதுவோ அதைப் பார்த்துத்தான் எக்ஸ்போஷரை முடிவு செய்ய வேண்டும். அந்த நிழலை மட்டும் சட்டகத்தில் நிறைத்து மீட்டரைப் படித்து, அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது). மேலே சொன்ன படத்தில், பெரியவரின் தோளுக்குப் பின்னால் தெரியும் மரக்கதவின் சித்திரவேலைதான் அந்த நிழல் என்றால், கதவைப் படித்து 1/30 விநாடி, எஃப் 4 (லென்ஸ் திறப்பின் அளவு) என்று வந்தால், 1/125 விநாடி, எஃப் 4 என்று வைக்க வேண்டும். கதவு கருமையாகவும், ஆனால் செதுக்கல் தெரியும்படியும் பதியும். வேட்டியின் வெண்மை நெகடிவில் எவ்வளவு அடர்த்தியாகும் என்பது, பிறகு எவ்வளவு நேரம் டெவலப் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த ‘ஸோன்’ முறையின் அடிப்படையும் இதுவே. முழு முறையையும் இப்போதே கற்க வேண்டியதில்லை. நிழலைப் படித்து இரண்டு ஸ்டாப் குறைப்பது என்ற ஒன்றே முதல் ஆண்டுக்குப் போதும்.

மேகமில்லாத வெயிலில் மீட்டர் இல்லாமலும் எடுக்கலாம். எஃப் 16இல், ஐ.எஸ்.ஓ. எண்ணையே ஷட்டர் வேகமாகக் கொள்ள வேண்டும். 400 ஃபிலிமுக்கு 1/500. ஆனால் சித்திரை வெயிலின் உச்சிப்பொழுதில் கண்ணுக்கும் மோவாய்க்கும் கீழே விழும் நிழல் மிகக் கடுமையானது. அந்த நேரத்தில் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது.

டெவலப் செய்வதற்குத் தேவையானவை

வெளிச்சம் புகாத டேங்க் ஒன்று, அதற்குள் ஃபிலிமைச் சுற்றும் ரீல், 0.5 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, அளவுக் குவளைகள், அடர்நிறப் பாட்டில்கள், ஃபிலிமை டேங்கில் ஏற்றுவதற்கான கைப்பை, அதாவது கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும், வெளிச்சம் புகாத பை. சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. இங்கே பயன்படுத்தியது எதுவும் சமையலறைக்குத் திரும்பவும் கூடாது.

ரசாயனங்கள் மூன்று. டெவலப்பராக இல்ஃபோர்டு ஐ.டி.-11 அல்லது கோடாக் டி-76ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; டி-76 1927 முதல் புழக்கத்தில் இருக்கிறது, இன்றைக்கும் மற்ற டெவலப்பர்களை ஒப்பிடுவதற்கான அளவுகோலாக அதைத்தான் வைக்கிறார்கள். அடுத்தது ஸ்டாப் பாத். அது ஒரு மென்மையான அமிலக் கரைசல்; டெவலப்பரின் வேலையை அந்தக் கணமே நிறுத்துகிறது. மூன்றாவது ஃபிக்ஸர். வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து நெகடிவை நிலைப்படுத்துவது இதன் வேலை. பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது சோடியம் தயோசல்ஃபேட். அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். இன்று கிடைக்கும் ரேப்பிட் ஃபிக்ஸரில் இருப்பது அமோனியம் தயோசல்ஃபேட். இன்னும் விரைவாக வேலை செய்யும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்த் தண்ணீரின் உப்பு, காய்ந்த ஃபிலிமில் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். டெவலப்பர் கரைக்கக் கேன் தண்ணீரையும், கடைசி அலசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

டெவலப்பரில் மெட்டால் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மீண்டும் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துக் கலக்குங்கள். பாட்டில்களில் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வெப்பம்

உலகம் முழுவதும் டெவலப்பர் அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. நம் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பல மாதங்களுக்கு 30 டிகிரிக்கும் மேல் இருக்கிறது. புகைப்படக்கலை இங்கே வந்த நாளிலிருந்தே வெப்பம் ஒரு சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. 1858இல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகடிவில் பதிவு செய்த லின்னேயஸ் டிரைப்பும் இதே வெயிலில்தான் வேலை செய்தார்.

20 டிகிரிக்குக் கொண்டுவரப் போராட வேண்டியதில்லை. 24 டிகிரியை உங்கள் நிலையான அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. வெப்பம் கூடக் கூட நேரத்தைக் குறைக்க வேண்டும். எச்.பி.5 பிளஸை ஐ.டி.-11இல் நீர் கலக்காமல் டெவலப் செய்தால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது ஏறக்குறைய 5 நிமிடமாகச் சுருங்கிவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதிலும் வடிப்பதிலும் ஏற்படும் சில விநாடி வேறுபாடுகூடப் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால், டெவலப்பருடன் சம அளவு நீர் கலந்து பயன்படுத்துவதே நமக்குப் பொருத்தம். அப்போது 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் 9 நிமிடம் அளவில் வரும். வேறு ஃபிலிம் என்றால், அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள்.

எல்லாப் பாட்டில்களையும் ஒரு வாளித் தண்ணீரில் நிற்க வைத்து, ஐஸ் கட்டிகளை வாளியில் போடுங்கள்; கரைசலுக்குள் நேராகப் போட்டால் அது நீர்த்துவிடும். டெவலப்பர் மட்டும் 24 டிகிரியில் இருந்து, அலசும் தண்ணீர் 32 டிகிரியில் இருந்தால், ஃபிலிமின் மேல் உள்ள ஜெலட்டின் படலம் திடீரென விரிந்து நுண்ணிய சுருக்கங்கள் விழக்கூடும். எல்லாக் கரைசல்களும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று 5 டிகிரி வேறுபாட்டுக்குள் இருக்கட்டும்.

டேங்கில் ஏற்றுதல்

புதியவர்கள் மிகவும் அஞ்சுவது இந்த வேலையைத்தான். வீணாகப் போன ஒரு ரோலை வைத்து, முதலில் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும், அதன்பின் கைப்பைக்குள்ளும் ஏற்றிப் பழகுங்கள். கை தானாகச் செய்யும் நிலை வந்த பிறகே எடுத்த ரோலைத் தொடுங்கள்.

பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். கைப்பைக்குள் கை சில நிமிடங்களிலேயே வியர்த்துவிடுவதால், நம் ஊரில் இது அடிக்கடி நேரும். விடியற்காலையில் அல்லது குளிர்சாதன அறையில் ஏற்றுங்கள். ரீலை முன்னதாக ஹேர் டிரையரால் காயவையுங்கள். ஃபிலிம் நுனியின் இரு மூலைகளையும் கத்தரியால் வளைவாக வெட்டிவிட்டால் எளிதாக உள்ளே போகும். சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். ரீலையும் ஃபிலிமையும் டேங்கில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்து, துடைத்து, கால் மணி நேரம் கழித்துத் தொடருங்கள்.

டெவலப் செய்தல்

ஒரு ரோலுக்கு எவ்வளவு கரைசல் வேண்டும் என்பது டேங்கின் அடியிலேயே எழுதியிருக்கும். பேட்டர்சன் டேங்கில் 35 மி.மீ.க்கு 290 மி.லி. 150 மி.லி. டெவலப்பரும் 150 மி.லி. தண்ணீரும் கலந்துகொள்ளுங்கள். கடிகாரத்தைத் தொடங்கிவிட்டு ஊற்றி மூடுங்கள். முதல் 10 விநாடிக்குள் டேங்கை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு மேசையில் மெதுவாகத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகள் விலகும். அதன்பின் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதேபோல் நான்கு முறை. கவிழ்க்கும் வேகமும் எண்ணிக்கையும் ஒவ்வொரு ரோலுக்கும் மாறாமல் இருப்பது, அது எந்த வேகம் என்பதைவிட முக்கியமானது.

நேரம் முடிய 10 விநாடி இருக்கும்போது வடிக்கத் தொடங்குங்கள். நீர் கலந்த டெவலப்பரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஸ்டாப் பாத்தை ஊற்றி அரை நிமிடம் ஆட்டி வடித்துவிட்டு, 1+4 என்ற அளவில், அதாவது ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலந்த ரேப்பிட் ஃபிக்ஸரை ஊற்றுங்கள். எவ்வளவு நேரம் என்பதை ஃபிக்ஸரிடமே கேட்டுக்கொள்ள ஒரு வழி உண்டு. ஏற்றுவதற்கு முன் வெட்டிய ஃபிலிம் துண்டை, வெளிச்சத்திலேயே சிறிது ஃபிக்ஸரில் போட்டு, பால்போல இருப்பது கண்ணாடிபோலத் தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். புதுக் கரைசலின் தெளியும் நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதிவையுங்கள். தெளியும் நேரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு ஃபிக்ஸ் செய்ய வேண்டும். தெளிவதற்கு ஆகும் நேரம் புதுக் கரைசலில் ஆனதைப்போல் இரண்டு மடங்கானால் அந்த ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள்; மீண்டும் நிரப்பிப் பத்து முறை; மீண்டும் நிரப்பி இருபது முறை. இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் இந்த முறை, தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களுக்கு மிகவும் ஏற்றது. கடைசியாக, தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி விட்ட டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல், துணிக்கிளிப்பால் தொங்கவிட்டு, கீழ்முனையிலும் ஒரு கிளிப்பை எடையாக மாட்டுங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. ஈரமான ஜெலட்டினில் ஒட்டிய தூசி பிறகு போகவே போகாது.

நெகடிவைப் படித்தல்

காய்ந்த நெகடிவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலில் ஓரத்தில் தொழிற்சாலை அச்சிட்ட எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவற்றுக்கும் உங்கள் எக்ஸ்போஷருக்கும் தொடர்பில்லை. டெவலப் செய்ததற்கு மட்டுமே அவை சாட்சி. எண்கள் நல்ல கருப்பாக இருந்து படங்கள் மட்டும் மெலிந்திருந்தால், எக்ஸ்போஷர் போதவில்லை. எண்களும் வெளிறியிருந்தால், டெவலப் செய்த நேரமோ வெப்பமோ குறைவு, அல்லது டெவலப்பர் பழையது. எண்கள் இருந்து படமே இல்லையென்றால், ஃபிலிம் கேமராவில் ஓடவில்லை. எண்ணும் இல்லாமல் முழுதும் கண்ணாடியாக இருந்தால், டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள்.

அடுத்து நெகடிவைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள். மிக அடர்த்தியான இடத்தின் வழியே, அதாவது நம் எடுத்துக்காட்டில் வேட்டியின் வழியே, எழுத்துகளைச் சிரமப்பட்டாவது படிக்க முடிய வேண்டும். படிக்கவே முடியவில்லையென்றால் அடுத்த ரோலுக்கு டெவலப் நேரத்தை 10 முதல் 15 விழுக்காடு குறையுங்கள்.

இருட்டறை

பிரிண்ட் போடும் அறையை உலர்பக்கம், ஈரப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உலர்பக்கத்தில் என்லார்ஜரும் காகிதமும், ஈரப்பக்கத்தில் ட்ரேக்களும் இருக்கட்டும். குழாய் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபிக்ஸ் செய்த பிரிண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டுவைத்துக் கடைசியில் குளியலறையில் அலசலாம். சன்னலுக்குக் கருப்புத் துணியை இரட்டையாக மடித்து மாட்டி, கதவிடுக்குகளைத் துண்டால் அடைத்து, விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகிய பிறகும் கையை முகத்துக்கு நேரே பிடித்தால் தெரியக் கூடாது.

இயந்திரமே டெவலப் செய்து பிரிண்டும் போடும் மினிலேப் வந்த பிறகு ஸ்டுடியோக்கள் தங்கள் இருட்டறைகளை மூடிவிட்டதால், சிறு நகரங்களில்கூடப் பரண்களில் என்லார்ஜர்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. விசாரித்தால் கிடைக்கும், அதைவிட மேலாக, அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் கிடைப்பார். 35 மி.மீ. நெகடிவுக்கு 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் வேண்டும்.

சேஃப் லைட்டாக, அதாவது பிரிண்ட் காகிதத்தைப் பாதிக்காத மங்கிய விளக்காக, கடையில் வாங்கிய சிவப்பு எல்.இ.டி. பல்பைப் போட்டால், அதைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஒரு காகிதத் துண்டுக்கு என்லார்ஜரில் லேசான சாம்பல் வரும் அளவுக்கு வெளிச்சம் கொடுத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப் லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை. வெறும் வெள்ளைக் காகிதத்தில் செய்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் பட்ட காகிதத்தில்தான் சிறு கசிவும் வெளிப்படும்.

முதல் பிரிண்ட்

காகிதம் இரண்டு வகை. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. காகிதம் விரைவில் அலசப்பட்டுச் சுருளாமல் காயும்; பழகுவதற்கு அதுவே சிறந்தது. ஃபைபர் காகிதம் அழகில் மேலானது. ஆனால் அதற்குப் பொறுமையும் நிறையத் தண்ணீரும் வேண்டும். எந்த வகையிலும் மல்டிகிரேடு காகிதத்தையே வாங்குங்கள். அதில், என்லார்ஜரில் மாட்டும் வண்ணத் தகட்டை மாற்றுவதன் மூலம் 00 முதல் 5 வரை கான்ட்ராஸ்ட்டை (கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை) கூட்டிக் குறைக்க முடியும்.

மூன்று ட்ரேக்களில் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடுக்கி வையுங்கள். ஃபிக்ஸர் இடுக்கி டெவலப்பரில் பட்டால் டெவலப்பர் கெட்டுவிடும். பேப்பர் டெவலப்பர் ஃபிலிம் டெவலப்பரிலிருந்து வேறானது. தனியாக வாங்க வேண்டும்.

நெகடிவின் மங்கலான பக்கம் காகிதத்தை நோக்கி இருக்குமாறு என்லார்ஜரில் பொருத்துங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு எஃப் 8க்குக் குறையுங்கள். 2ஆம் எண் தகட்டை மாட்டுங்கள். முழுக் காகிதத்தையும் வீணாக்காமல், படத்தின் முக்கியமான பகுதியில் ஒரு பட்டையை வைத்து, முதலில் பட்டை முழுவதற்கும் 4 விநாடி கொடுங்கள். பிறகு அட்டையால் ஒரு விரற்கடை அளவு மறைத்து 2 விநாடி, இன்னும் கொஞ்சம் மறைத்து 2, அடுத்தடுத்து 3, 5, 6 விநாடிகள். இப்போது பட்டையின் பகுதிகள் 4, 6, 8, 11, 16, 22 விநாடி வெளிச்சம் பெற்றிருக்கும். எல்லாவற்றுக்கும் ஐந்தைந்து விநாடியாகக் கூட்டுவது பலர் சொல்லித்தரும் முறை. ஆனால் 5க்கும் 10க்கும் இடையே பெரிய வேறுபாடும், 25க்கும் 30க்கும் இடையே கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் இருக்கும் என்பதால், விகிதமாகக் கூட்டுவதே பயன் தரும்.

பட்டையை டெவலப்பரில் முழு ஒரு நிமிடம் வைத்து ட்ரேயை மெதுவாக ஆட்டுங்கள். கருத்துவிடுமோ என்று அஞ்சி 30 விநாடியில் வெளியே எடுத்தால், கருப்பு கருப்பாக வராமல் சேற்று நிறத்தில் நிற்கும். ஸ்டாப் பாத்தில் 10 விநாடி, ஃபிக்ஸரில் 30 விநாடி. பிறகு காகிதக் கட்டை மூடிவிட்டோமா என்று உறுதி செய்துகொண்டு வெள்ளை விளக்கைப் போடுங்கள். சேஃப் லைட்டின் கீழ் எந்தப் பிரிண்டும் உண்மையைவிடக் கருமையாகவே தோன்றும். அங்கே முடிவெடுக்கக் கூடாது.

இங்கே கண் எதைத் தேட வேண்டும் என்பதில்தான் பிரிண்ட் போடும் கலையே இருக்கிறது. முதலில் கருப்பைப் பார்க்காமல் வெள்ளையைப் பாருங்கள். திண்ணைப் பெரியவரின் வேட்டியில் மடிப்புகள் லேசாகத் தெரியத் தொடங்கும் பகுதி எதுவோ, அதுவே உங்கள் எக்ஸ்போஷர். அது 11 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிறகுதான் கருப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் கதவு சாம்பலாகச் சோர்ந்திருந்தால் 3ஆம் எண் தகட்டுக்குப் போங்கள். செதுக்கல் எல்லாம் கருப்பில் மூழ்கியிருந்தால் 1க்கு இறங்குங்கள். வெள்ளையை நேரத்தாலும் கருப்பைத் தகட்டாலும் ஆள வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் ஒரே நெகடிவுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதத்தைச் செலவழிக்கிறார்கள். இல்ஃபோர்டு தகடுகளில் 3½ வரை நேரம் ஏறக்குறைய மாறாது. 4 முதல் 5 வரை நேரத்தை இரு மடங்காக்க வேண்டும்.

முழுப் பிரிண்டைப் போட்ட பிறகு, அந்தந்த இடத்துக்கு உரிய திருத்தங்கள் வரும். முகத்தின் நிழல் பக்கம் இன்னும் திறக்க வேண்டுமென்றால், மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டிய சிறு அட்டைத் துண்டால், 11 விநாடியில் 2 விநாடி மட்டும் அந்த இடத்தை மறைக்க வேண்டும், இது டாட்ஜிங். வேட்டியின் வெயில் பட்ட முழங்கால் மட்டும் வெறும் காகிதமாக வெளுத்திருந்தால், நடுவில் துளையிட்ட அட்டையால் மற்றதை எல்லாம் மறைத்து, அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு 6 விநாடி கொடுக்க வேண்டும், இது பர்னிங். இரண்டிலும் அட்டை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் விளிம்பு கோடாக விழும். செய்த திருத்தங்களைப் படத்தின் வரைகோட்டு உருவம் ஒன்றை நோட்டில் போட்டு, எந்த இடத்துக்கு எத்தனை விநாடி என்று குறித்துவையுங்கள். அடுத்த மாதம் அதே நெகடிவை எடுக்கும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

ஆர்.சி. பிரிண்டுகளை ஓடும் தண்ணீரில் 2 நிமிடம் அலசித் தொங்கவிட்டால் போதும். ஃபைபர் காகிதத்துக்கு ஒரு நிமிட ஃபிக்ஸிங், 5 நிமிட அலசல், ஃபிக்ஸர் விரைவில் நீங்க உதவும் வாஷ் எய்டு கரைசலில் 10 நிமிடம், மீண்டும் 5 நிமிட அலசல் என்று போகும். அதைக் கொசுவலை அடித்த சட்டத்தின்மேல் முகம் கீழாக வைத்துக் காயவிட்டு, பிறகு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரு நாள் வைத்து நிமிர்த்த வேண்டும். ஃபைபர் காகிதம் காயும்போது சற்றுக் கருக்கும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது ஒரு நூலிழை வெளிர்ப்பாகத் தெரிவதே சரியான எக்ஸ்போஷர்.

கழிவும் சேமிப்பும்

தீர்ந்துபோன ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் செப்டிக் டேங்கிலோ மழைநீர் வடிகாலிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. அங்கிருக்கும் நுண்ணுயிர்களையும் தண்ணீரில் வாழும் உயிர்களையும் அது கொல்லும். தனி கேனில் சேர்த்துவையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம்களிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் இருக்கும் ஊர்களில் அவர்களிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால், கேனில் இரும்பு நார் போட்டுச் சில நாள் விட்டால், இரும்பு கரைந்து வெள்ளியின் பெரும்பகுதி சேறாகப் படியும்.

நெகடிவ்களை ஆறு ஆறு படமாக வெட்டி, அவற்றுக்கென்றே விற்கும் உறைகளில் போட்டு, ஒவ்வோர் உறையிலும் தேதி, ஃபிலிம், டெவலப்பர், வெப்பம், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். உறையோடு சேர்த்துக் காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி எடுக்கும் கான்டாக்ட் ஷீட் ஒன்றையும் அதே கோப்பில் வையுங்கள். முப்பத்தாறு படங்களும் ஒரே எக்ஸ்போஷரில் அதில் பக்கம் பக்கமாக இருப்பதால், எந்தப் படம் மெலிந்தது, எது தடித்தது என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கோப்புகளைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல், கேமரா இருக்கும் அதே காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் நிறம் மாறும்போதெல்லாம் அதை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.